சக்கைக்கு ஒரு சொல், நுரைக்கு ஒரு சொல்

1

என்னுடைய மனுசன் குடியை விட்டு இந்த நவம்பரோடு ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் நான் வேலை செய்வது பியர் காய்ச்சுகிற இடத்தில். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு அதற்கு இடம் வராது.

விரும்பிப் போன வேலை இல்லை. மொன்றியலுக்கு வந்த நாள் தொடங்கி சபனெல் தெருவில் உடுப்புத் தைத்தவள் நான். தைத்த இடத்தை மூடிவிட்டார்கள். வேலை தேடிக் கொடுக்கும் கந்தோரில் இருந்த பெண் என்னுடைய பிரெஞ்சைக் கொஞ்ச நேரம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டு, முதலில் வகுப்புக்குப் போங்கள் என்றாள். போனேன். ஒவ்வொரு முறையும் பரீட்சை வைத்து, ஒவ்வொரு முறையும் என்னை அதே ஆரம்ப வகுப்பில்தான் கொண்டுபோய் இருத்தினார்கள். கடைசியில், வாய் திறக்கத் தேவையில்லாத வேலை ஒன்று லஷீன் பக்கம் இருக்கிறதென்று ஒருவர் சொன்னார். சின்ன இடம். அங்கேயே காய்ச்சி, அங்கேயே போத்திலில் அடைக்கிறார்கள். பெரிய தாங்கிக்குள் பார்லியை ஊறவைத்துச் சாற்றை வடித்த பிறகு, அடியில் ஆவி பறக்கக் கிடக்கிற சக்கையைச் சவளால் அள்ளி வெளியே போடுவது என்னுடைய வேலை. சவளுக்குப் பாஷை கிடையாது.

வேலை முடிந்ததும் உடுப்பை முழுக்க மாற்றி, பையில் கட்டி, அங்கேயே வைத்துவிட்டு வருவேன். தலைக்குத் துணி கட்டித்தான் அள்ளுவது. அப்படியும் அந்தச் சனியன் பிடித்த மணம் தலைமயிரில் ஏறிக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வரும். வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றியதும் நேரே குளியலறை. தலை துவட்டிய பிறகுதான் இவருடைய முகத்தைப் பார்ப்பேன். வேலையில் என்ன நடந்தது என்று இவர் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் பியர் என்ற சொல்லே கிடையாது.

இவர் என்றால் நேசன். டோர்வல் விமான நிலையத்தில், வந்து இறங்குகிற விமானங்களின் உள்பக்கத்தைத் துப்புரவாக்குகிற வேலை செய்தவர். ஆட்கள் குடித்து மிச்சம் விட்ட சின்னச் சின்னப் போத்தில்களில்தான் தொடங்கியது. முதலில் மிச்சம். பிறகு முழுப் போத்தில். பிறகு வேலை போனது, அதற்குப் பிறகு ஈரல். போன வருடம் ஆஸ்பத்திரியில் டொக்டர் இவரைப் பார்த்து, இன்னொரு முறை தொடங்கினால் தங்களால் ஒன்றும் செய்ய ஏலாது என்று சொன்னார். அதை எங்களுக்குத் தமிழில் சொன்னவள் எங்கள் ஒரே பிள்ளை அபிரா. சொல்லிவிட்டு, டொக்டர் சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள்.

"அப்பா, இனி ஒருக்கா குடிச்சா நான் வர மாட்டன். செத்த வீட்டுக்கும் வர மாட்டன். செ து."

'செ து' என்றால் அவ்வளவுதான் என்று அர்த்தம். அபிரா லவாலில் ஒரு தோழியோடு இருக்கிறாள், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற கார்டெரியில் வேலை. சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் என்னுடைய பக்கத்தால் வந்தது, யாரை நோவது?

2

எங்கள் இடத்தில் பியர் காய்ச்சுகிறவர் ஹேமிஷ். ஸ்கொட்லாந்துக்காரர், கிழவர். முதலாளிகள் இரண்டு பேரும் இந்த ஊர்த் தாடிக்காரப் பெடியங்கள். ஹேமிஷும் நானும் பிரெஞ்சு கதைக்கத் தொடங்கினால் பெடியங்கள் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். அந்த ஒரு பொருத்தத்தில்தான் நாங்கள் இரண்டு பேரும் கூட்டு. அவருடைய இங்கிலீசும் முதல் மாதம் எனக்கு இங்கிலீசாகவே படவில்லை, வாய்க்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கும்.

நான் அள்ளுகிற சக்கைக்குப் பெடியங்கள் 'ட்ரெஷ்' என்பார்கள். அது பிரெஞ்சு. ஹேமிஷ் 'டிராஃப்' என்பார். அது அவருடைய ஊர்ப் பழைய சொல். அங்கேயும் அதை மாட்டுக்குத்தான் வைப்பார்களாம். எங்களிடமும் ஒரு பண்ணைக்காரர் லொறியில் வந்து ஏற்றிப் போகிறார்.

"எங்கட ஊரிலையும் எண்ணெய் பிழிஞ்ச மிச்சத்தை மாட்டுக்கு வைப்பம்," என்று என்னுடைய உடைந்த இங்கிலீசில் சொன்னேன். "புண்ணாக்கு எண்டு பேர். மக்குப் பெடியங்களை ஏசுறதும் அந்தச் சொல்லாலைதான்."

கிழவர் சவளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அடுத்த நாள் பெரிய முதலாளியை முகத்துக்கு நேரே 'புண்ணாக்கு' என்று கூப்பிட்டார். அந்தப் பெடியன் ஏதோ இந்திய வாழ்த்து என்று நினைத்துக் கைகூப்பினான். நான் தாங்கியின் பின்பக்கம் போய் நின்று வயிறு நோகச் சிரித்தேன்.

அதோடு தொடங்கியது. அள்ளுகிற நேரத்தில் ஒவ்வொரு சொல்லாகத் தருவார். ஆகவும் மலிவான சாமான் என்றால் 'டிராஃப்-சீப்', சக்கை விலை. தின்றுவிட்டுச் சும்மா புரள்கிறவன் 'டிராஃப்-சாக்', சக்கை மூட்டை. பியர் புளிக்கிறபோது மேலே பொங்குகிற நுரைக்கு 'பார்ம்'. தலைக்குள் மூளை இருக்கிற இடத்தில் அந்த நுரை இருந்தால் அவன் 'பார்மி', விசரன். எனக்கு முதலில் பெரிய பகிடியாக இருந்தது. பிறகு ஒருநாள் பஸ்ஸில் இருந்து யோசித்தேன். காய்ச்சி எடுத்த நல்ல பியரின் பெயரால் இவர்கள் ஒருவரையும் கூப்பிடவில்லை. மிஞ்சிக் கிடக்கிறதுகளின் பெயரைத்தான் எடுத்து மனிதருக்கு வைத்திருக்கிறார்கள். எனக்கு ஏனோ அது நல்லதாகப் படவில்லை.

ஒரு சொல்லை மட்டும் அவர் ஒரேயொரு தரம்தான் சொன்னார். போன குளிர்காலம், நல்ல பனி. நான் கையுறையை வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று இவர் அதை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கிட்ட வரவில்லை. தெருவின் மறுபக்கத்தில், பஸ் நிறுத்தத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சாமான் ஏற்றுகிற பெரிய கதவு திறந்திருந்தது. ஹேமிஷ் கண்டுவிட்டார்.

"அது உன்ரை மனுசனோ?"

"ஓம்."

"ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"அவருக்குக் கூச்சம்," என்றேன்.

கிழவர் மூக்கை உயர்த்திக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். எங்கள் கதவிலிருந்து தெருவுக்குத்தான் அடித்தது. "என்ரை தம்பியும் இப்பிடித்தான் நிப்பான்," என்றார். "மணத்துக்கு முதுகைக் குடுத்துக்கொண்டு." பிறகு, குடிகாரனுக்குத் தங்கள் ஊரில் 'டிரிங்க்-டிராஃப்' என்று பெயர் என்றும், அதைத் தம்பியின் முகத்துக்கு நேரேயே சனங்கள் சொன்னார்கள் என்றும் சொன்னார். நாங்கள் வெறிக்குட்டி என்போம். அதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"தம்பி இப்ப எங்கை?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் வேறு ஒரு சொல்லைச் சொன்னார். 'டிராஃப்-பொக்'. ஈரச் சக்கையைப் போட்டு முதுகில் சுமக்கிற பை. அது எப்படியும் ஒழுகும், போட்டிருக்கிற கோட்டைக் கறையாக்கிவிடும். அதனால் ஒரு மனிதரிடம் இருக்கிற குறைக்கும் அதே பெயராம். சொல்லிவிட்டுத் தாங்கியைக் கழுவப் போய்விட்டார். தம்பியைப் பற்றி நான் பிறகு கேட்கவேயில்லை.

3

ஆஸ்பத்திரியில் இவருக்கு ஒரு குளிசை கொடுத்தார்கள். குடிக்கவிடாத குளிசை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு வாய் குடித்தாலும் உடம்பு ஒரேயடியாகக் கிளர்ந்துவிடும்: முகம் சிவக்கும், நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், ஆளே போகவும் கூடும். வேலி மாதிரி. காலையில் தேத்தண்ணியோடு, என் கண்ணுக்கு முன்னால், நாக்கில் வைத்து விழுங்குவார். நான் பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்டுவார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. எனக்கு அழுகை வரும். ஆனாலும், வாயைத் திறக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை.

மருந்துக்கடையில் இருந்த பெட்டை அதைப் பற்றி நீளமாக விளக்கினாள். முதலில் பிரெஞ்சில், நான் "வுய், வுய்" என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை, திரும்ப இங்கிலீசில் சொன்னாள். வாய் கொப்பளிக்கிற மருந்து ஆகாது, இருமல் பாணி ஆகாது, முகம் வழித்த பிறகு பூசுகிற வாசனைத் தண்ணி ஆகாது, சிலவகைச் சோஸ் ஆகாது. நான் வீட்டுக்கு வந்து அலுமாரி அலுமாரியாகத் தேடி எல்லாவற்றையும் குப்பையில் போட்டேன். கேக்குக்குப் போடுகிற வனிலாவைக்கூட வைக்கவில்லை. அவ்வளவு கவனம். என்னைவிடக் கவனமான பெண்சாதி இந்த மொன்றியலில் இல்லையென்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையில்தான் இடி விழுந்தது.

4

குடியை விட்டு ஒரு வருடம் முடிய ஒரு கிழமை இருக்கும்போது இவர் குசினிக் கதவடியில் வந்து நின்றார்.

"அப்பம் சுடுவமே?" என்றார். "பிள்ளையையும் கூப்பிடும். பாலப்பம்."

அந்த ஒரு வருடமும் இவர் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு எழும்புவார். கேட்டுவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் இங்கே அப்பம் எனக்குச் சரிவந்ததே கிடையாது. ஈஸ்ட் போட்டும் பார்த்தேன், பேக்கரிப் பாண் ஊறவைத்தும் பார்த்தேன். கடுதாசி மட்டையைப் பாலில் தோய்த்த மாதிரித்தான் வரும்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்பமாவைப் புளிக்க வைப்பது கள்ளு. என்னுடைய அம்மா சுத்த சைவம். கள்ளு விற்கிற தவறணை இருக்கிற ஒழுங்கையால் போனால் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துகிற மனுசி. அதே அம்மாதான் அப்பம் சுடுகிறதற்கு முதல்நாள் வேலிப் பொட்டு ஓட்டையால் சின்னச் செம்பைக் கொடுத்து அப்பக்கள்ளு வாங்குவா. அது கள்ளுக் கணக்கில் வராது. உப்பு, சீனி, அப்பக்கள்ளு. பால்குடி மறந்த பிள்ளைக்கும் அந்த அப்பத்தைப் பிய்த்துக் கொடுத்தார்கள். அப்பம் தின்றவனைக் குடித்தவன் என்று உலகத்தில் யாராவது சொல்வார்களா? எங்கள் ஊரில் சொல்ல மாட்டார்கள்.

ஹேமிஷிடம் சாதாரணமாகத்தான் கேட்டேன். புளிக்கிற தாங்கிக்கு மேலே அந்த நுரை மொத்தமாகப் பொங்கிக்கொண்டு நின்றது.

"உந்தப் பார்மைப் போட்டு மாப் புளிக்க வைக்கலாமோ?"

"முந்தி எங்கட ஊர்ப் பாண்காரர் எல்லாரும் அதுக்காகத்தான் வாளியோடை வந்து நிப்பினம்," என்றார். ஒரு கண்ணாடிப் போத்திலை எடுத்து, நுரையையும் அதற்குக் கீழே இருந்த கலங்கலையும் சேர்த்து அள்ளி நிரப்பினார். மூடியைத் திருகும்போது கொஞ்சம் நின்றார். "வீட்டிலை வைக்கிறது பரவாயில்லையோ?"

"மாவுக்குத்தானே," என்றேன்.

"மூடியை இறுக்காதை. வெடிக்கும்," என்றார். குளிசையைப் பற்றி அவருக்குத் தெரியாது, அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

பஸ்ஸில் அந்தப் போத்திலை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மூடிக்கு அடியால் சீறிக்கொண்டே வந்தது. ஒரு வருடமாக உடுப்பை மாற்றி, தலையைக் கழுவி, மணத்தைக்கூட வாசலோடு நிறுத்தியவள் போத்திலைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

5

ஞாயிற்றுக்கிழமை. வெளியே பனியுமில்லை மழையுமில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு அழுக்கு. அபிரா லவாலில் இருந்து மெட்ரோ எடுத்து வந்திருந்தாள். அப்பாவுக்கு ஒரு சால்வை வாங்கிவந்து கழுத்தில் சுற்றிவிட்டாள். இவர் கழற்றாமல் அப்படியே மேசையில் இருந்தார்.

மா பொங்கி, சட்டி விளிம்பு வரை வந்து நின்றது. நான் அதைப் பார்த்து, "அம்மாளாச்சி!" என்று கத்தியே விட்டேன். கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால், போத்திலில் மிஞ்சியதையும் ஊற்றித் தளர்த்தினேன். முதல் அப்பம் விளிம்பு மொறுமொறுவென்று, நடு பஞ்சு மாதிரி, பால் தளும்பிக்கொண்டு வந்தது. இவருடைய தட்டில் வைத்தேன்.

இவர் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்தார். மெல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார்.

"என்னப்பா, சரியில்லையே?"

"ஊரப்பம்," என்றார். "இன்னொண்டு போடும்."

போட்டேன். அது முடிய இன்னொன்று. அபிரா தொலைபேசியில் படம் எடுத்தாள், "அப்பா, நீங்க ஒரு மெஷின்!" என்று சிரித்தாள். தகப்பனும் மகளும் ஒரே மேசையில் சிரித்து நான் பார்த்து எத்தனை காலம். அடுப்படியில் நின்றுகொண்டு, கடவுளே, இது இப்படியே இருக்கட்டும் என்று கும்பிட்டேன். நான் ஒன்றைப் போடப் போட இவர் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார்.

முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து, பிறகு முகம் முழுக்க. சால்வை வெக்கை என்று நினைத்து அபிரா அதைக் கழற்றினாள். இவர் நெஞ்சில் கையை வைத்தார். "களைக்குது," என்றார். கதிரையை விட்டு எழும்பப் போனவர், எழும்ப ஏலாமல் மேசையைப் பிடித்தார், தட்டோடு எல்லாம் சரிந்தது. தின்றதெல்லாம் வெளியே வர அப்படியே சத்தி எடுத்தார். அபிரா கிட்டப் போய்க் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்தாள். அவள் முகம் மாறியதை நான் கண்டேன்.

"இல் ஆ பு," என்றாள். குடிச்சிருக்கிறார். பிறகு எனக்காகத் தமிழில், ஒவ்வொரு சொல்லாக: "அம்மா. பியர் மணக்குது."

மணந்தது. என் வேலையிடத்தின் மணம், என் குசினிக்குள், என் மனுசனின் வாயிலிருந்து. என் புத்தி அப்போது எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பத்தை நான் யோசிக்கவேயில்லை. ஒரு வருடமாக எதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேனோ அதைத்தான் யோசித்தேன். இவரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "எங்கை வாங்கினீங்கள்? சொல்லுங்கோ, எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

இவர் மூச்சுக்கு அந்தரப்பட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார், இல்லையென்று.

6

அம்புலன்ஸில் அபிரா என்னோடு கதைக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பதிவு செய்கிற தாதி அட்டையை வாங்கிக்கொண்டு, குடித்திருக்கிறாரா என்று கேட்டாள். அபிரா "வுய்" என்றாள். வண்டிலில் கிடந்த இவர் "நோன்" என்றார். தாதி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மகள் சொன்னதை எழுதினாள். இவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே வரிசையாகப் போட்டிருந்த கதிரைகளில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு கதிரை இடைவெளி விட்டு இருந்தோம். அபிரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நான் போறன் அம்மா. நான் சொன்னனான்தானே."

"கொஞ்சம் பொறு பிள்ளை."

"எத்தனை தரம் பொறுக்கிறது?"

கோட்டைப் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டாள். பொத்தான் போட முதல் ஒரு டொக்டர் வந்தார், அபிராவின் வயதுதான் இருக்கும், மெலிந்த பெண். இன்றைக்குக் காலையில் இருந்து இவர் வாயில் வைத்தது எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். தேத்தண்ணி, குளிசை, அப்பம். அப்பம் என்றால் என்ன? அரிசிமா, தேங்காய்ப்பால், சீனி. எதைப் போட்டுப் புளிக்க வைப்பீர்கள்? நான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த இடி என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த சொல் ஒன்றுதான் இருந்தது, கிழவர் தந்தது.

"பார்ம்," என்றேன்.

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. அபிராவைப் பார்த்தார். அபிராவுக்கும் விளங்கவில்லை. "பியருக்கு மேலை வாற நுரை," என்று தமிழில் சொன்னேன். "ஒரு போத்தில் முழுக்க ஊத்தினனான். நான்தான் ஊத்தினனான்." அபிரா அதைப் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டு போனது.

டொக்டர் கையில் இருந்த தாளில் அதை எழுதினார். பிறகு அபிராவிடம் மெதுவாக விளக்கினார், அபிரா எனக்குச் சொன்னாள். ஒளித்துக் குடிக்கிறவர்கள் முதலில் நிறுத்துவது இந்தக் குளிசையைத்தான். அதை நிறுத்தியிருந்தால் நாலு அப்பத்தில் இருந்த பியர் இவரை ஒன்றும் செய்திருக்காது, ஏப்பத்தோடு போயிருக்கும். இப்படி ஆளைப் போட்டு விழுத்தியிருக்கிறது என்றால், இவர் தவறாமல் குளிசை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

அபிரா அதைச் சொல்லி முடிக்கவில்லை, அழத் தொடங்கிவிட்டாள். உள்ளே போகவிட்டதும், குழாய்கள் பூட்டிக் கிடந்த தகப்பனின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு, "பார்தோன் அப்பா, பார்தோன்," என்றாள். பிறகு தமிழைத் தேடிப் பிடித்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றாள். இவர் அவளுடைய தலையைத் தடவினார். என்னைப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு விட்டார்கள். விடும்போது அந்தக் குளிசையை நிறுத்திவிட்டார்கள். இவருடைய இதயம் இன்னொரு முறை இதைத் தாங்காதாம். வேறு மருந்து எழுதப் பெரிய டொக்டரைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கடிதம் வரும், வந்தபிறகு ஒரு நம்பருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும், எடுத்தால் நாள் தருவார்கள். இங்கே வாழ்கிறவர்களுக்கு அது எவ்வளவு காலம் என்று தெரியும். கடிதம் இன்னும் வரவில்லை.

7

வீட்டுக்கு வந்தபோது குசினி நாங்கள் விட்டுப் போனபடியே கிடந்தது. மிஞ்சிய மா சட்டியில் புளித்துக் கறுத்திருந்தது. நான் யன்னலைத் திறந்துவைத்துவிட்டு, அதைக் குப்பைப் பைக்குள் வழித்துக் கொட்டிக்கொண்டு நின்றேன். அபிரா மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். இவர் வந்து அதே கதவடியில் நின்றார்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றேன். "என்ரை கையாலை உங்களைக் கொல்லப் பார்த்தனே. கடவுளுக்கும் பொறுக்காது."

"முதல் கடியிலையே தெரிஞ்சிட்டுது," என்றார்.

"என்ன தெரிஞ்சது?"

"கள்ளில்லை. கள்ளின்ரை தங்கச்சி." சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "உம்மடை வேலைச் சாமான் எண்டு விளங்கிட்டுது. குளிசை போட்டிருக்கிறன் எண்டும் தெரியும். என்ன நடக்கும் எண்டும் தெரியும்."

கையில் இருந்த அகப்பையை நான் கீழே வைத்தேன். "பேந்து ஏனப்பா நிப்பாட்டேல்லை?"

இவர் மாச் சட்டியைப் பார்த்தார். "நீர் சந்தோஷமாய்ச் சுட்டுக்கொண்டு நிண்டீர். பிள்ளையும் சிரிச்சுக்கொண்டிருந்தாள்." பிறகு தலையை ஆட்டினார். "இல்லை. உதுவும் பொய். நல்லாயிருந்தது."

கீழே தெருக்கதவு அடிபட்டது, அபிரா படியேறி வருகிற சத்தம் கேட்டது. "பிள்ளைக்குச் சொல்லாதையும்," என்றார். நான் சொல்லவில்லை.

அபிரா இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வருகிறாள். தன்னுடைய சிநேகிதிகளுக்கு இதைப் பெரிய பகிடியாகச் சொல்லித் திரிகிறாள்: எங்கள் அம்மாவின் அப்பம் அப்பாவைக் கொல்லப் பார்த்தது, எங்கள் அப்பா ஒரு சுத்தமான மனுசன், ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள். இவரும் அவளோடு சேர்ந்து சிரிக்கிறார். சிரித்துக்கொண்டே என்னைப் பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஹேமிஷுக்கு அப்பக் கதையை மட்டும் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்கு முழுச் சக்கையையும் தானே அள்ளினார், என்னைத் தொடவிடவில்லை. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்க வந்தவர், கேட்காமல் போய்விட்டார். என்னுடைய கோட்டில் கறை தெரிந்ததோ என்னவோ.

அபிராவுக்குத் தமிழ் கதைக்க வரும், வாசிக்க வராது. ஞாயிறு வகுப்புக்கு அனுப்பாமல் விட்டோமே என்று எத்தனையோ தரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அது எவ்வளவு நல்லதாய்ப் போனது பாருங்கள். இதை எங்கேயாவது இறக்கி வைக்காமல் என்னால் சுமக்க முடியாது, அவளுடைய கண்ணில் படாத இடம் எனக்கு இந்தத் தமிழ் எழுத்து ஒன்றுதான்.

நேற்று வேலை முடிகிற நேரம் ஹேமிஷ் என்னைக் கூப்பிட்டு, பெரிய கதவுப் பக்கம் தலையைக் காட்டினார். நான் போய்ப் பார்த்தேன். என்னைக் கூட்டிப்போக இவர் வந்திருந்தார். தெருவின் மறுபக்கத்தில், பஸ் நிறுத்தத்தில் இவர் இல்லை. தெருவைக் கடந்து எங்கள் கதவடிக்கே வந்து, உள்ளேயிருந்து அடித்த காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.